பிரேக் இல்லாத வண்டி, பென்ஷன் இல்லாத உத்தியோகம்

மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுவதையே ஒருவர் பிழைப்பாக வைத்திருக்கிறார் என்றால், நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவிழாக்களில் போடும் மரணக் கிணறுதான். பலகைச் சுவரில் சுற்றிச் சுற்றி ஏறுகிற வண்டி, மேலே நின்று நாம் நீட்டும் ரூபாய் நோட்டைப் பறித்துக்கொண்டு போகிற ஆள். அதை விட்டால் சோழவரம் பந்தயம். இரண்டுக்கும் நம் வீடுகளில் சொல்லப்பட்ட தீர்ப்பு ஒன்றுதான்: "உயிர் மேல ஆசை இல்லாதவன் செய்ற வேலை."

அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்வதற்கு ஸ்பீட்வே என்ற பந்தயத்தையும், அதில் ஆறு முறை உலக சாம்பியனான நியூசிலாந்துக்காரர் ஐவன் மேஜரையும் எடுத்துக்கொள்கிறேன். என் கட்சி இரண்டு. முதலாவது, இது சாகசம் அல்ல, ஒரு தொழில். இரண்டாவது, தொழில் என்று ஒப்புக்கொண்டால் தொழிலாளிக்குச் சேர வேண்டியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ராணுவ மேஜர் அல்ல. அவருடைய குடும்பப் பெயரை எழுத்தில் பார்த்தால் என்னைப் போல பிரெஞ்சில் படித்தவர்கள் 'மோழே' என்று வாசிப்பார்கள். அவர்கள் ஊரில் 'மேஜர்' என்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஆட்டம் என்ன என்று பார்த்துவிடலாம். முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம். சுற்றளவு 260 மீட்டரிலிருந்து 425 மீட்டர் வரை இருக்கலாம். மேலே செங்கல் தூளைப் போல உதிரியான மண். நான்கு பேர், நான்கு சுற்று, எல்லாரும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். ஒரு பந்தயம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே ஒரு கியர். பெட்ரோல் கிடையாது, மெத்தனால்தான். நேர்ப்பகுதியில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது.

பிரேக் இல்லை என்று கேட்டதும் "பைத்தியக்காரத்தனம்" என்று தோன்றும். காரணம் தெரிந்தால் அப்படித் தோன்றாது. நான்கு வண்டிகள் உரசாத குறையாக வளைவுக்குள் நுழையும்போது முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அவர் முதுகில் ஏறிவிடுவார். ஆகவே, பிரேக் இல்லாமல் இருப்பதே அங்கே பாதுகாப்பு. வேகத்தைக் குறைப்பது சறுக்கல்தான். வளைவு வந்ததும் வண்டியை இடப்பக்கம் சாய்த்து, பின்சக்கரத்தை வெளியே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டும் கொஞ்சம் கொடுத்தும் அந்தச் சறுக்கலை அளவோடு வைத்திருக்க வேண்டும். இடது காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டே போவதால் அந்த பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு மாட்டியிருப்பார்கள். மாட்டுக்கு லாடம் அடிப்போமே, அதே காரியம்தான்.

இந்த ஆட்டம் 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் வெஸ்ட் மெய்ட்லண்ட் என்ற ஊரின் கண்காட்சி மைதானத்தில் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். 1928 பிப்ரவரியில் லண்டன் பக்கத்திலுள்ள ஹை பீச் என்ற இடத்துக்கு வந்தது. 1936இல் வெம்ப்ளி மைதானத்தில் முதல் உலக சாம்பியன் பட்டப் போட்டி நடந்தது. மேஜர் காலத்து இறுதிப் போட்டிகள் ஒரே நாளில் முடிந்துவிடும். 16 பேர், 20 பந்தயங்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்து வாய்ப்பு. அட்டவணையை எப்படிப் போட்டிருப்பார்கள் என்றால், ஒவ்வொருவரும் மற்ற 15 பேரையும் தலா ஒரு முறை சந்தித்துவிடுவார். முதலாவது வந்தால் 3 புள்ளி, அடுத்தது 2, அடுத்தது 1, கடைசி ஆளுக்குச் சைபர். முழு மதிப்பெண் 15. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த அட்டவணையைப் பார்த்தாலே ஒரு திருப்தி. முறை வைத்துப் போட்ட கணக்கு.

மேஜர் 1939இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தவர். அந்த ஒரு நகரத்தைச் சேர்ந்த மூன்று பேர், ரோனி மூர் 2, பாரி பிரிக்ஸ் 4, ஐவன் மேஜர் 6 என்று 12 உலகப் பட்டங்களை வென்றிருக்கிறார்கள். மூர், பிரிக்ஸ் இருவரும் முன்னே போய் வழிகாட்டியவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பையனும் கிளம்பினார். 1957இல், 17 வயதில், மணமான புதிதில், மனைவியோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டனில் விம்பிள்டன் அணியில் சேர்ந்தார். அங்கே ஓட்டக் கிடைத்த வாய்ப்புகள் சொற்பம். மைதானத்தில் எடுபிடி வேலையும் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊர் திரும்பிவிட்டார்.

சாகசக்காரர் என்றால் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். துணிச்சலை மட்டுமே நம்பிப் போகிறவனுக்கு முதல் தோல்வியே கடைசித் தோல்வி. மேஜர் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சில ஆண்டுகள் ஓட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1963இல் குடும்பத்தோடு மறுபடி இங்கிலாந்து போனார். இந்தத் தடவை லண்டனின் பெரிய அணிக்கு அல்ல, வடக்கே நியூகாசிலில், ஒரு படி கீழான லீகில் ஆடிய அணிக்கு. கீழ்ப்படியிலிருந்து ஏறி வருவதில் அவருக்குக் கூச்சமில்லை. அடுத்த ஆண்டே நியூகாசில் அந்த லீகை வென்றது. முதல் முறையாக 1966இல் உலக இறுதிப் போட்டிக்கு வந்து நான்காவது இடம். 1967இல் மூன்றாவது. 1968இல் சுவீடனின் யோத்தபோரியில் சாம்பியன். 1969இல் வெம்ப்ளி, 1970இல் போலந்தின் விரோத்ஸ்வாஃப் என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம். அப்படி மூன்று முறை தொடர்ந்து வென்றவர் அதற்கு முன் யாருமில்லை. பிறகு 1972, 1977, 1979.

இந்த ஆண்டுகளை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இங்கிலாந்துக்கு முதலில் போனதற்கும் முதல் பட்டத்துக்கும் இடையில் 11 ஆண்டுகள். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையில் இன்னொரு 11 ஆண்டுகள். 1979 செப்டம்பரில் போலந்தின் ஹோஷுஃப் மைதானத்தில் ஆறாவது பட்டத்தை வென்றபோது அடுத்த மாதம் அவருக்கு 40 வயது. உயிர் மேல் ஆசை இல்லாதவர் எவரும் பிரேக் இல்லாத வண்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அவர் முன்தயாரிப்புக்குப் பெயர் போனவர். வண்டியைத் துடைத்து வைப்பதிலிருந்து தடத்து மண்ணின் ஈரத்தைக் கவனிப்பது வரை எதையும் தற்செயலுக்கு விட்டுவைக்க மாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுவதில் கெட்டிக்காரர். பந்தயம் தொடங்க நான்கு வண்டிகளுக்கு முன்னால் நாடாக்களைக் கட்டியிருப்பார்கள். அவை மேலே துள்ளியதும் கிளம்ப வேண்டும். அவசரப்பட்டு நாடாவைத் தொட்டால் அந்தப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள். அரை நொடி தாமதித்தால் முன்னால் போகிறவரின் பின்சக்கரம் வாரியடிக்கும் மண் முகத்தில் விழும். அப்புறம் முந்துவது பெரும்பாடு. ஆக, ஒரு நிமிடப் பந்தயத்தின் விதி பெரும்பாலும் முதல் முப்பது மீட்டரிலேயே முடிவாகிவிடும். கிளட்சை எப்போது விடுவது, உடம்பின் எடையை எங்கே வைப்பது என்ற நுணுக்கமெல்லாம் வீரத்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருவது. பிரெஞ்சில் 'மெத்தியே' என்று ஒரு சொல் உண்டு. தச்சர், தையற்காரர், மருத்துவர் எல்லாருடைய தொழிலுக்கும் அந்தச் சொல்தான். ஆயிரம் முறை செய்து கைக்கு வந்த வேலை என்ற மரியாதை அதில் இருக்கிறது. மேஜரின் வேலைக்கு அதுதான் பொருத்தமான சொல் என்பேன்.

தோற்றதும் உண்டு. 1973இல் அதே ஹோஷுஃப் மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். மேஜரும் போலந்துக்காரர் யெர்ஷி ஷாக்கியேலும் தலா 13 புள்ளி. இருவருக்கும் மட்டும் ஒரு தனிப் பந்தயம் வைத்தார்கள். முந்தப் போன இடத்தில் மேஜர் விழுந்தார். பட்டம் ஷாக்கியேலுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு மேஜர் இரண்டாமிடம். மறுபடி பட்டம் கிடைக்க 1977 வரை காத்திருந்தார். இதையும் சாகசம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1970இல் மூன்றாவது தடவையாக வென்ற பிறகு இரண்டு அமெரிக்க ரசிகர்கள் அவருடைய வண்டிக்குத் தங்க முலாம் பூசிக் கொடுத்தார்கள். அது ஒரு ஜாவா. ஆமாம், நம்மவர்களுக்கு மைசூரில் தயாராகி வந்து, பிறகு எஸ்டி என்று பெயர் மாறியதே, அந்தச் செக்கோஸ்லோவாக்கியா கம்பெனியின் பெயர்தான். பந்தயத்துக்கென்று அவர்கள் தனியாகச் செய்த வண்டி அது. தங்க வண்டியைப் பார்க்கிறவர்கள் இந்தத் தொழிலில் பணம் கொழிக்கிறது என்று நினைப்பார்கள். எனக்கோ அந்தப் பளபளப்பு ஒரு கணக்கை மறைப்பதாகத்தான் படுகிறது.

கணக்கு இதுதான். ஸ்பீட்வே ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. போட்டியில் இறங்கினால் ஒரு தொகை, எடுக்கிற புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அதுவே இந்தத் தொழிலின் பழைய ஏற்பாடு. போலந்து போன்ற இடங்களில் பெரிய ஆட்களுக்கு ஒப்பந்தம் போடும்போது ஒரு தொகை கிடைக்கும். வண்டி அவரே வாங்க வேண்டும். என்ஜின் பழுது, டயர், மெக்கானிக் கூலி, ஊர் ஊராய் வண்டியை ஏற்றிக்கொண்டு போகிற வேன், எல்லாம் பெரும்பாலும் அவர் கைக்காசு. ஒரே அணியில் பிழைக்க முடியாது என்று இங்கிலாந்து, சுவீடன், போலந்து என்று ஒரே வாரத்தில் பல நாடுகளில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாவது வந்தவருக்கும் நான்காவது வந்தவருக்கும் ஆபத்து ஒன்றே. கூலியில் ஒருவருக்கு மூன்று புள்ளி, மற்றவருக்குச் சைபர்.

நாம் உத்தியோகத்தில் இருந்தபோது காய்ச்சல் என்றால் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தோம். சம்பளம் வந்தது. 1977 இறுதிப் போட்டியில் மேஜருக்கு அடுத்து வந்த இங்கிலாந்துக்காரர் பீட்டர் காலின்ஸ் அதற்குச் சற்று முன்புதான் காலை முறித்துக்கொண்டிருந்தார். முறிந்த காலோடு வந்து ஓட்டினார். அதை வீரம் என்று இன்றும் புகழ்கிறார்கள். நானும் தொப்பியைக் கழற்றுகிறேன். ஆனால் முறிந்த காலோடு ஒருவர் வேலைக்கு வருவதை வேறு எந்தத் தொழிலிலாவது நாம் கை தட்டி வரவேற்போமா? கொத்தனார் அப்படிச் சாரம் ஏறினால் மேஸ்திரியைத்தானே திட்டுவோம்?

விழுந்தவர்களின் பட்டியல் சிறியதல்ல. தெரிந்த பெயர்களை மட்டும் சொல்கிறேன். பாரி பிரிக்ஸ் 1972 வெம்ப்ளி இறுதிப் போட்டியில் விழுந்து ஒரு விரலை இழந்தார். ரோனி மூர் 1975இல் ஆஸ்திரேலியாவில் விழுந்து தலையில் பலத்த காயம் பட்டார். டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் மூன்று முறை உலக சாம்பியன். 1989இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்த உலக அணிக் கோப்பை இறுதியில், முதல் பந்தயத்திலேயே நான்கு பேரும் மோதி விழுந்தார்கள். உயிர் பிழைத்து மறுபடி நடந்தார் என்பதே பெரிது. ஓட்டும் வாழ்க்கை 29 வயதில் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் டார்சி வார்டு 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்றவர். 2015 ஆகஸ்டில் போலந்தில் ஒரு லீக் ஆட்டத்தில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது வயது 23. இவர்களெல்லாம் உச்சியில் இருந்தவர்கள். ஒரு பட்டமும் வாங்காமல், பெயர் தெரியாமல் விழுந்தவர்களை யார் கணக்கில் வைத்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இங்கிலாந்தில் ஓட்டுநர்களுக்கென்று ஒரு நலநிதி உண்டு. ரசிகர்கள் அதற்காக மைதானத்தில் பணம் திரட்டுவார்கள். வளைவுகளில் மரவேலி இருந்த இடத்தில் காற்றடைத்த வேலி வந்திருக்கிறது. அந்த ரசிகர்களின் மனசுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் தர்மம் வேறு, உரிமை வேறு. உண்டியலில் விழுவது கொடுப்பவரின் மனசையும் அன்றைய மழையையும் பொறுத்தது. முதல் தேதி வரும் பென்ஷன் யாருடைய மனசையும் பொறுத்ததல்ல. இந்த வித்தியாசம் தெரியாதவர் நம்மில் இருக்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சர்வீஸ் புக்கும் ஜி.பி.எஃப். கணக்குமாக இருந்தவன் நான். ஒரு மனிதனுக்கு வயதான காலத்தில் நிம்மதியாகத் தூக்கம் வருவது யாரோ இரக்கப்படுவார்கள் என்ற நம்பிக்கையில் அல்ல, நமக்கு இது பாத்தியதை என்ற உறுதியில்தான்.

"அவர்கள் விரும்பிப் போனவர்கள்தானே? யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் புதுச்சேரியில் அதற்குப் பதில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கடல் கடந்து போன சொல்தாக்களும் பெரும்பாலும் விரும்பிப் போனவர்கள்தான். நல்ல சம்பளம் என்று போனார்கள். அதற்காக பிரான்ஸ், "நீ விரும்பித்தானே வந்தாய்" என்று பென்ஷனை மறுக்கவில்லை. ஆபத்தான வேலைக்கு ஆளை வைத்துப் பயன் பெற்றவர் அந்த ஆளின் பிற்காலத்துக்கும் கடன்பட்டவர். விருப்பம் வேலை செய்கிறவரின் பங்கு. பொறுப்பு வேலை வாங்குகிறவரின் பங்கு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட முடியாது.

"மேஜர் நன்றாகத்தானே வாழ்ந்தார்?" என்றும் கேட்கலாம். வாழ்ந்தார். இங்கிலாந்து அரசி கையால் கௌரவம், ஊரில் பேர், பிற்காலத்தில் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மனநிறைவு எல்லாம் இருந்தது. 2018 ஏப்ரலில், 78 வயதில், ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் காலமானார். அவர் தன் தொழிலை ஒரு நிர்வாகி போல நடத்தியவர். ஆனால் ஒரு ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று பார்க்க அதில் முதலாவது வந்தவரைப் பார்ப்பது என் வழக்கமல்ல. கடைசியில் வந்தவர் என்ன ஆனார் என்று பார்ப்பேன். நான்கு பேர் ஓடாமல் பந்தயம் இல்லை. சைபர் வாங்குகிற அந்த நான்காவது ஆள் இல்லாவிட்டால் முதலாவது ஆளுக்கு மூன்று புள்ளி எங்கிருந்து வரும்?

மேஜரின் ஆறு பட்டங்களை சுவீடனின் டோனி ரிக்கார்ட்சன் 2005இல் சமன் செய்தார். போலந்தின் பார்த்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2025இல் சமன் செய்தார். ஏழாவதும் ஒரு நாள் வரும். அப்போது பத்திரிகைகள் புள்ளிவிவரம் போடும், தொலைக்காட்சிகள் கொண்டாடும். நான் கேட்பது சின்ன விஷயம். டிக்கெட் வருமானத்திலும் தொலைக்காட்சிப் பணத்திலும் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்து, சில ஆண்டுகள் ஓட்டிய எவருக்கும் ஓர் ஓய்வூதியம், களத்தில் விழுந்து ஊனமானவருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொகை என்று விதியாக எழுதிவிட வேண்டும். இரக்கம் வேண்டாம், விதி போதும். விதியாக எழுதினால் எந்தக் குமாஸ்தாவும் அதைக் கணக்குப் போட்டு, முதல் தேதி செக்கை அனுப்பிவிடுவான்.